தொப்புள் இல்லாத மரம்

எங்கள் வரிசையில் மொத்தம் மூன்று கடைகள். முதலில் ஸ்டுடியோ, நடுவில் என் ஃபிரேம் கடை, கடைசியில் டீக்கடை. ஸ்டுடியோவுக்கும் எனக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நான் கண்ணாடி அறுப்பதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கை ஆடிவிடும். இதற்குப் போய் ஸ்டுடியோ முதலாளி என்னை ஒட்டுக் கேட்கிறவன் என்பார். ஒட்டுக் கேட்க அங்கே என்ன இருக்கிறது? காதைப் பொத்திக்கொண்டால்கூடக் கேட்கும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் டச்சப் அக்கா. பென்சிலும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு நெகட்டிவில் முகங்களைத் திருத்திய காலத்திலேயே வேலைக்கு வந்தவள். கம்ப்யூட்டர் வந்ததும் இவளெல்லாம் எங்கே கற்றுக்கொள்ளப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். மாறு கண்ணை நேராக்குவாள், வழுக்கைக்கு முடி வைப்பாள், சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியாக வந்து நின்ற அண்ணன் தம்பியை ஒரே படத்தில் தோளில் கை போட்டு நிறுத்துவாள். பாஸ்போர்ட் அளவு படத்துக்கு வந்த ஒரு ஆள், படத்தைப் பார்த்துவிட்டு இது யார் என்று கேட்டதும் உண்டு. அவள் பிரிண்ட் போட்டுத் தடுப்பின் மேலாக நீட்டுவாள், நான் வாங்கி ஃபிரேம் போடுவேன். பத்துப் பதினைந்து வருஷம் இப்படியே ஓடியது. இப்போது நினைத்தால் அந்த மவுஸ் சத்தமும் பிரிண்டர் சூட்டின் வாசனையும்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. நன்றாகத்தான் இருந்தோம்.

அக்காவின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவள் அப்பா கட்டிய வீடு, இரண்டே அறை, முன்னால் பெரிய வாசல், வாசலில் ஒரு நாவல் மரம். அந்த மரத்தை நேர் என்று யாரும் சொல்ல முடியாது. அடியில் ஒரு பக்கம் சாய்ந்து, நடுவில் மனசு மாறி இன்னொரு பக்கம் திரும்பி, மேலே போய் நாலாப் பக்கமும் கை விரித்து நின்றது. உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருக்கும். பழக்காலத்தில் வாசல் முழுக்க ஊதாக் கறை. கொடியில் காயும் துணியெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். தெருப் பிள்ளைகள் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டே போவார்கள். அக்காவின் வீட்டுக்காரர் லாரி டிரைவர், மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பார். அந்த நாள்களில் அவளுக்குத் துணை அந்த வீடும் அந்த மரமும்தான். மத்தியானம் என் கடைக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடும்போது, வீட்டுக்குப் போனதும் என்ன செய்யப் போகிறாள் என்பதை ஒன்று விடாமல் சொல்லுவாள். அவள் சொல்லிச் சொல்லியே அந்த வீட்டுப் பைப் எந்தப் பக்கம் ஒழுகும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரு அண்ணன். எட்டு வயது மூத்தவர். அப்பா போனபோது அவருக்குப் பதினேழு வயது. படிப்பை விட்டுவிட்டு வேறு ஊரில் நூல் மில்லில் சேர்ந்து, தங்கையைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்துவிட்டுத்தான் தனக்குப் பெண் பார்த்தார். ஆள் நெட்டை, பேச்சு கம்மி, மீசை மட்டும் நிறைய. அக்கா அவர் சொல்லுக்கு மறுசொல் சொன்னதே கிடையாது. போனில் பேசும்போதுகூட நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவாள். முதலாளி சிரிப்பார். அண்ணன் என்ன கம்ப்யூட்டருக்குள்ளேயா உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பார். அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லுவாள்.

ஒருநாள் காலையில் அப்படி எழுந்து நின்றவள் ரொம்ப நேரம் நின்றாள். தடுப்பு வழியாக எனக்குக் கேட்டது, "நீங்க சொன்னா சரிண்ணே," என்ற அந்த ஒரு வாக்கியம்தான். அப்புறம் மவுஸ் சத்தமே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு மாப்பிள்ளையின் முகம் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் திரையில் நிற்க, அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். அண்ணனுக்கு வளர்ந்த பையன்கள் இரண்டு பேர். வீட்டை விற்றுத் தன் பாதிப் பங்கை அண்ணன் கொண்டு வந்தால் அந்த ஊரிலேயே ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாம் என்று ஒரு வருஷமாகப் பேச்சு. வீட்டை விற்றுவிடலாமா, நீ என்ன சொல்கிறாய் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். இவள் சரி என்று சொல்லிவிட்டாள். புரோக்கருக்குக் காட்ட வேண்டும், வீட்டை நாலு பக்கமும் படம் எடுத்துப் போனில் அனுப்பு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீடு போனால் நீங்களும் மாமாவும் எங்கே போவீர்கள், மனசில் இருப்பதை வாயைத் திறந்து சொன்னால் என்ன, உங்கள் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று சத்தம் போட்டேன். அக்கா கோபப்படவில்லை.

"வாடகை வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாகூட இன்னொருத்தரைக் கேக்கணும். எனக்கு அந்த வீடுதான் தம்பி எல்லாம். ஆனா அண்ணன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? எனக்காகப் படிப்பை விட்டவரு. இப்ப ஒண்ணு கேக்குறாரு. மாட்டேன்னு சொன்னா இத்தனை வருஷமும் ஒண்ணுமில்லாம போயிடாதா?"

வீடும் வேண்டும், அண்ணனும் வேண்டும். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் அதைச் சொன்னேன், சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. ஊரில் உள்ள கோணல் மூக்கையெல்லாம் நேராக்குகிறீர்களே, ஒரு நாளைக்கு நேராக இருப்பதைக் கோணலாக்கினால்தான் என்ன, அந்த மரத்தைப் பேய் மரமாக்கி அனுப்புங்கள், எவன் வாங்குகிறான் பார்ப்போம் என்றேன். அக்கா சிரித்தாள். சிரித்து முடித்ததும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மறுநாள் ஸ்டுடியோ கேமராவை வாங்கிக்கொண்டு போனாள். நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனேன். பழக்காலம் முடிகிற சமயம். வெயில் சுள்ளென்று இருந்தது, வாசலெல்லாம் கறை, கொடியில் மாமாவின் காக்கிச் சட்டை. வாசலில் ஒரு படம், கொல்லைப் பக்கம் ஒரு படம், உள்ளே அறைகள் இரண்டு. வாசல் படத்துக்கு மட்டும் தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேமராவைத் தரையோடு தரையாக வைத்து அண்ணாந்து எடுத்தாள். கீழேயிருந்து எடுத்தால் சாதுவான ஆள்கூட ரவுடியாகத் தெரிவான் என்று அவளே சொன்னாள். தொழில் தெரிந்தவள் அல்லவா!

அன்று மத்தியானம் ஸ்டுடியோவில் கூட்டம் இல்லை. அவள் படத்தைத் திறந்து வழக்கம்போல முதலில் துடைத்துச் சுத்தம் செய்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். கொடியை எடுத்தாள், சட்டையை எடுத்தாள், வாளியை எடுத்தாள். இலைகளில் முக்கால்வாசியைத் தேய்த்து அழித்தாள். பச்சையை உறிஞ்சிச் சாம்பல் நிறம் கொடுத்தாள். ஒரு கிளையை நகல் எடுத்துத் திருப்பி இன்னொரு பக்கம் ஒட்டியதும், வீட்டுக் கூரையை மரம் பிடித்துக்கொண்டிருப்பது போல ஆகிவிட்டது. அடிமரத்தில் இருந்த இரண்டு பள்ளங்களில் கறுப்பைத் தடவினாள், கண்ணாகிவிட்டது. கல்யாண ஆல்பத்துக்கென்று வைத்திருந்த வானங்களில் மழை மேகம் ஒன்றை எடுத்து மேலே கவிழ்த்தாள். கடைசியில் தரையில் கிடந்த ஊதாக் கறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பாக்கினாள்.

முதலாளி பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. திட்டப் போகிறார் என்று பார்த்தால், ஒரு காக்கா வை என்றார். ஸ்டுடியோவில் காக்கா படம் ஏது? ஆல்பத்தில் பொண்ணு மாப்பிள்ளை தலைக்கு மேல் பறக்கவிடுகிற வெள்ளைப் புறாக்கள் இருந்தன. அதில் மூன்றைப் பிடித்துக் கறுப்படித்து உட்கார வைத்தாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அக்கா அதை அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பிய மறுநிமிஷமே முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

படம் நன்றாகவே வேலை செய்தது. முதலில் பார்த்தது ஒரு வாத்தியார் குடும்பம். வாத்தியாருக்குச் சம்மதமாம், அவர் மனைவி போனைத் தூரத் தள்ளி வைத்துவிட்டாராம். அடுத்தவர் ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். இருக்கிற நாலு நாளாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று சொல்லிக் கழன்றுகொண்டார். இதையெல்லாம் அண்ணனே போனில் சொல்ல, அக்கா நின்றபடி 'அப்படியாண்ணே, அப்படியாண்ணே' என்று கேட்டுக்கொண்டாள். நாங்கள் டீயும் பன்னும் வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டாடினோம். நான்தான் கொண்டாடினேன் என்று சொல்ல வேண்டும், அவளுக்குப் பன் இறங்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் கேட்டைத் திறக்கும்போது மரத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கே பயமாக இருந்தது தம்பி என்றாள். அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போனாளாம்.

மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. நசநசவென்று தூறல். ஸ்டுடியோவுக்குள் யாரோ குடையை உதறும் சத்தம் கேட்டது. அக்காவின் நாற்காலி கிறீச்சென்று பின்னால் போகும் சத்தமும் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த முறை நானாகவே தடுப்பில் காதை வைத்தேன், மறைப்பானேன்.

"பஸ்ஸை விட்டு எறங்கி நேரா வீட்டுக்குத்தான் போனேன். பூட்டியிருந்துச்சு," என்றார் அண்ணன்.

"சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேனே, அண்ணே."

"உக்காரு பாப்பா."

அவள் உட்கார்ந்தது போலத் தெரியவில்லை.

"நீ அனுப்பினியே ஒரு படம். அதுல இருக்கிறது எந்த மரம்?"

"நம்ம மரம்தாண்ணே."

"நம்ம மரத்துக்குத் தொப்புள் உண்டே. அது எங்க?"

நான் அதற்கு மேல் பொறுக்கவில்லை. பிரிண்ட் வாங்க வருகிறவன் போல உள்ளே போனேன். அக்கா படத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். அடிமரம் வந்தது. கண்கள் வந்தன. அதற்குக் கீழே பட்டை மொழுமொழுவென்று சுத்தமாக இருந்தது. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

அண்ணன் என்னிடம் சொல்வது போலத்தான் அந்தக் கதையைச் சொன்னார், பார்வை மட்டும் திரையில் இருந்தது. அக்காவுக்கு ஆறு வயது இருக்கும்போது கிளை எட்டவில்லை என்று தினமும் அழுகையாம். இவர் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு கட்டை ஆப்பைச் சீவி, தங்கை கால் வைத்து ஏறுவதற்காக மரத்தில் அடித்துவிட்டார். பச்சை மரத்தில் ஆப்படித்தாயா என்று அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டார். ஆப்பு சில வருஷத்தில் மக்கி விழுந்தது. அந்த இடத்தில் பட்டை சுற்றிலும் உப்பி, நடுவில் குழியாகி, அசல் தொப்புள் போலவே ஆகிவிட்டது. பெயர் வைத்தது அக்காதானாம். கால் கட்டை விரலை அதில் வைத்துத்தான் ஏறுவாளாம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எந்தப் படம் வந்தாலும் அக்காவின் கை முதலில் செய்வது ஒரே வேலைதான். மரு, தழும்பு, பரு, அம்மைக் குழி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவாள். யார் முகம் என்றுகூடப் பார்க்க மாட்டாள். மரத்துக்கும் அதையே செய்திருக்கிறாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"வேணும்னு எடுக்கலண்ணே. கைப்பழக்கம். எடுத்ததே எனக்குத் தெரியல."

"தெரியலையா?"

"தெனம் அந்த இடத்துலதான் விளக்குமாத்தைச் சாத்தி வைக்கிறேன்," என்றாள் அக்கா. "தெனம் பாக்குறேன். நான் இங்கயே இருக்கேன், எனக்குத் தெரியல. நீங்க எங்கயோ இருந்துக்கிட்டு கண்டுபிடிச்சிட்டீங்க."

"நான் வாங்கின அடி பாப்பா அது. எனக்குத் தெரியாதா?"

வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் காக்காக்களைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், தரையிலிருந்த ரத்தத்தைக் காட்டினார். இதெல்லாமும் கைப்பழக்கமா என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். என் மனசு கேட்கவில்லை. யோசனை என்னுடையதுதான், திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள் என்றேன். நீ போய்க் கண்ணாடி அறு என்றார். நான் போகவில்லை.

"எதுக்குப் பண்ணினே?"

அக்கா நிமிர்ந்தாள். நான் அவளைப் பார்த்த இத்தனை வருஷத்தில் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்து அவள் பேசியது அப்போதுதான்.

"விக்க வேண்டாம்ணே. எனக்கு அந்த வீடு வேணும்."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, அடி விழப் போவது போலக் கண்ணை மூடிக்கொண்டாள். பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூல் அங்கே கிடந்தது. அண்ணன் அதில் பொத்தென்று உட்கார்ந்தார், பின்னால் நீலத் திரை. படம் எடுக்க வந்தவர் போலவே இருந்தார்.

"இதைச் சொல்லத்தான் உன்னைக் கேட்டேன் பாப்பா."

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"ஒரு வருஷமா அண்ணியும் பசங்களும் விடலை. வித்துட்டு வா, வித்துட்டு வான்னு. அப்பா கட்டின வீடு, என்னால முடியாதுன்னு சொல்லணும்னுதான் வாயைத் திறப்பேன், பசங்க மூஞ்சியைப் பாத்தா வராது. கடைசியில தங்கச்சிக்கும் பங்கு உண்டு, அவளைக் கேக்காம எப்படின்னு சொன்னேன். நீ மாட்டேன்னு சொல்லிடுவே, அதைச் சாக்கா வெச்சு அப்படியே விட்டுடலாம்னு பாத்தேன். நீ என்னடான்னா எழுந்து நின்னு, 'நீங்க சொன்னா சரிண்ணே'ங்கிறே. அண்ணி பக்கத்துலயே இருந்தா. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்."

அவர் குரல் என்னவோ கண்டிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பேசும்போது பார்த்தேன், நாக்கும் உதடும் ஊதா. பூட்டிய வீட்டு வாசலில் நின்று, மழையில் உதிர்ந்துகிடந்த கடைசிப் பழங்களைப் பொறுக்கித் தின்றுவிட்டுத்தான் மனிதர் விசாரிக்க வந்திருக்கிறார். அக்காவும் அதைப் பார்த்துவிட்டாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"அப்ப விக்கலையாண்ணே?"

"அதான் வேண்டாம்னுட்டியே. சரி."

சரி என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வானத்தையும் இத்தனை புறாவையும் பாழாக்கினோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கத்த வேண்டும் போலவும் இருந்தது. முதலாளி எழுந்து போய் டீ சொன்னார்.

டீ குடித்துக்கொண்டே அண்ணன் திரையைப் பார்த்தபடி இருந்தார். மெல்ல ஆரம்பித்தார்.

"பாப்பா, இதை இன்னும் கொஞ்சம் பயங்கரமா பண்ண முடியுமா?"

"எதுக்குண்ணே?"

"பெருசா போட்டுக் கொடு. சாப்பிடற எடத்துக்கு எதிர்ல மாட்டி வைக்கிறேன். இந்த மரம் நிக்கிற வீட்டை யாருடா வாங்குவான்னு பசங்களைக் கேக்கலாம்ல."

'பாப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், எனக்கும் அதுதான் இஷ்டம்' என்று வீட்டில் நேராகச் சொன்னால் என்ன என்று கேட்டேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அண்ணன் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். அவ்வளவு பெரிய மீசைக்குக் கீழே அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அக்கா உட்கார்ந்துகொண்டே அவரிடம் பேசியது எனக்குப் புதிதாக இருந்தது. முதல் காரியமாக அவர் தொப்புளை வைக்கச் சொன்னார். அவள் அசல் படத்திலிருந்து எடுத்து ஒட்ட, அவர் திரையில் விரலை வைத்து, இன்னும் கொஞ்சம் கீழே, கீழே, உன் முட்டி உயரம்தான் அப்போது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அசலில் இருந்தது இருக்கிறபடிதான் ஒட்டியிருக்கிறேன் என்று அவள் அடித்துச் சொன்னாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் சொன்ன இடத்திலேயே வைத்தாள். காக்கா மூன்றை ஏழாக்கினார்கள். ஒரு இடத்தில் அண்ணனே பயந்துவிட்டார், அந்தக் கண்ணைக் கொஞ்சம் சின்னதாக்கு, ராத்திரி நானும்தானே அந்தப் பக்கம் போக வேண்டும் என்றார்.

நான் கறுப்பு ஃபிரேம் போட்டு, நியூஸ் பேப்பரில் சுற்றி, மழை படாமல் மேலே பிளாஸ்டிக் பையும் கட்டிக் கொடுத்தேன். மாலை பஸ்ஸுக்கு அக்கா கூடவே போனாள், நான் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அண்ணன் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து படத்தை மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று அக்கா வெளியிலிருந்து கேட்டாள். தங்கை ஆசையாகக் கொடுத்தாள் என்று சொல்லிவிடுவேன் என்றார். அதையாவது தைரியமாகச் சொல்லுங்கள் என்றாள் அவள். அவர் பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அக்கா அங்கேயே நின்றாள். பஸ் திரும்பி மறைந்த பிறகும் நின்றாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. நாற்பது வருஷமாக அந்த மனிதர் பெயரைக் கேட்டாலே எழுந்து நின்றவள்.

"தம்பி," என்றாள், "எங்க அண்ணன் என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளிடா. இது முன்னாடியே தெரியாம போச்சே."